வயல் சேத்துக்குள்ள இருக்கிற கிருமி எல்லாம் ஒண்டில்லை

கேள்வி: எனக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி பெரும்போக நேரம் எலிக்காய்ச்சல் வந்து ஒரு கிழமைக்கு மேல ஆஸ்பத்திரியில கிடந்து தப்பினனான். ஒருக்கா வந்தா பிறகு வராது எண்டு பக்கத்து வயல்காரர் சொல்லுறார். பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தந்த தடுப்புக் குளிசையை இந்தமுறை போடாம விடலாமோ?
– கமக்காரர் ஒருவர், முத்தையன்கட்டு

பதில்: விடாதேங்கோ அண்ணை. இதை முதல் சொல்லிப்போட்டுத்தான் மிச்சம் சொல்லுறன். வயலுக்க இறங்கிற காலம் முழுக்க கிழமைக்கு ஒருக்கா, சாப்பிட்டாப்பிறகு, நிறையத் தண்ணியோட, பி.எச்.ஐ சொன்ன அளவில போடுங்கோ. அந்த டொக்ஸிசைக்ளின் குளிசையை வீட்டில இருக்கிற பிள்ளைத்தாச்சியளுக்கோ சின்னப்பிள்ளையளுக்கோ பங்கு போட்டுக் குடுக்கிறேல்லை, அவைக்கு வேற முறை இருக்கு, எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில கேக்கவேணும்.

உங்கட பக்கத்து வயல்காரர் சொல்லுறது அம்மைக்குப் பொருந்தும், எலிக்காய்ச்சலுக்குப் பொருந்தாது. ஏனெண்டா எலிக்காய்ச்சல் கிருமி, அதான் லெப்டோஸ்பைரா, ஒரு ஆளில்லை, பெரிய குடும்பம். அந்தக் கிருமிக்கு மேல சீனி மாதிரிப் பொருளால பின்னின ஒரு போர்வை இருக்கு, எங்கட உடம்பு அந்தப் போர்வையைத்தான் ஞாபகம் வைச்சிருந்து அடுத்தமுறை அடிக்கும். போர்வையை எப்பிடிப் பின்னுறது எண்டு சொல்லுற ஜீன்கள் கிருமிக்குக் கிருமி மாறுது, மாறி மாறி இப்ப 300க்கு மேற்பட்ட வகை பதிவில இருக்கு. உங்களுக்கு அண்டைக்கு வந்தது ஒரு வகை. இந்தமுறை உங்கட வரம்பு வெட்டுக்குள்ள நிக்கிற தண்ணியில இருக்கிறது வேற வகையா இருந்தா உங்கட உடம்புக்கு அது புது ஆள்தான். எல்லா வகைக்கும் நிண்டு பிடிக்கிற தடுப்பூசி இன்னும் வராததுக்கும் இதுதான் காரணம்.

இந்தக் கிருமியை 1915ல ஜப்பானில இனாடா, இடோ எண்ட ரெண்டுபேர் கண்டுபிடிச்சவை. பிறகு கனகாலம் ரத்தத்தோட கலந்து ஒட்டுதோ இல்லையோ எண்டு பாத்துத்தான் வகை பிரிச்சவை. முழு ஜீனையும் வாசிக்கிற மெசின் வந்தபிறகுதான் உண்மையான கணக்கு வெளிய வந்தது, 2019ல வந்த ஒரு பெரிய ஆய்வு 64 இனம் எண்டு சொல்லிச்சுது (இனம் வேற, மேல சொன்ன வகை வேற, ஒரு இனத்துக்குள்ள கன வகை இருக்கலாம்), அதில கொஞ்சம்தான் ஆளைப் பிடிக்கும், மிச்சம் மண்ணிலயும் தண்ணியிலயும் தன்ர பாட்டில சீவிக்கிறது. என்னைக் கனநாள் யோசிக்க வைச்ச விசயம் இன்னொண்டு இருக்கு. மாடுகளில கூட இருக்கிற ஒரு இனத்தின்ர ஜீனைப் பாத்தா அது சுருங்கிக்கொண்டே வருது, தண்ணிக்க கனநாள் தாக்குப்பிடிக்கிறதுக்கு வேண்டிய ஜீன்களை அது தொலைச்சுப்போட்டுது, மாட்டிலயிருந்து மாட்டுக்கு நேரடியாப் பரவிறதுதான் அதின்ர வழி. எலியோட வாறது அப்பிடியில்லை, தண்ணிக்கயும் ஈர மண்ணிலயும் கிழமைக்கணக்கா உயிரோட கிடக்கும். அப்ப எலி மட்டும்தான் காரணம் எண்டு நினைச்சு பட்டியில மாட்டு மூத்திரத்துக்க வெறுங்காலோட, அதுவும் சேத்துப்புண்ணோட நிக்கிறதும் பிழை, மாடு இல்லாத வயல்தானே எண்டு பயப்பிடாம இறங்கிறதும் பிழை.

காய்ச்சல் வந்தா முதல் நாளே டொக்டரிட்ட "நான் வயல் செய்யிறனான்" எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ. முதல் கிழமையில எடுக்கிற ரத்தத்தில எதிர்ப்புச்சத்து இன்னும் வந்திருக்காது, அதால டெஸ்ட் இல்லையெண்டு காட்டலாம். அதைவிட, லாப்பில வைச்சிருக்கிற வகைகளோட உங்கட ஊர் வகை பொருந்தாட்டியும் இல்லையெண்டுதான் காட்டும்.

கேள்வி: என்ர அண்ணாவுக்குச் சீனி வருத்தம் இருக்கு. மூண்டு மாசமாக் காய்ச்சல், சளி. கசம் எண்டு மருந்து குடுத்தவை, மாறேல்லை. பிறகு ஈரலில சீழ் எண்டு பெரிய இடத்துக்கு அனுப்பித்தான் மெலியோய்டோசிஸ் எண்டு பிடிச்சவை. இப்ப வீட்டில நிக்கிறார், குளிசையை மூண்டு மாசம் போடச் சொல்லியிருக்கினம். இது வெளிநாட்டிலயிருந்து புதுசா வந்த வருத்தமோ?
– சகோதரி ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, அண்ணா தப்பினது பெரிய விசயம். இது புது வருத்தமில்லை. 1911ல ரங்கூனில விற்மோர், கிருஷ்ணசுவாமி எண்ட ரெண்டு டொக்டர்மார் இதை முதல் பிடிச்சவை, எங்கட தீவில 1927லயே ஒரு ஆளுக்கு வந்ததெண்டு எழுதி வைச்சிருக்கினம். கிருமி மண்ணிலயும் தேங்கின தண்ணியிலயும் இருக்கு, மழைக்குச் சேறு கலங்கேக்க மேல வரும், காயத்தால போகும், மூச்சாலயும் போகும். சீனி வருத்தக்காரரைத்தான் கூடப் பிடிக்கிறது. எங்கட நாட்டு நோயாளிகளிட்ட எடுத்த கிருமியளின்ர ஜீனைப் பாத்தவை, ஒரு வகை இல்லை, கன வகை, அதில சிலது வேற ஒரு நாட்டிலயும் பதியப்படாதது. ஆரோ ஒருத்தர் கொண்டுவந்து பரப்பினதெண்டா எல்லாம் ஒரே மாதிரியெல்லோ இருக்கவேணும். கனகாலமா எங்கட மண்ணிலயே கிடந்து கிளைவிட்ட கிருமி இது.

நான் லாப்பில வேலை செய்தனான், அதால ஒண்டை வடிவாச் சொல்லுறன். இந்தக் கிருமியை அதுக்கெண்டு இருக்கிற பிளேட்டில வளத்தா முதல் சின்னச் சின்னப் புள்ளியா, வழுவழுப்பா இருக்கும், ஒரு நாலு நாள் பொறுத்தா ஊதா நிறத்தில காஞ்ச பூ மாதிரி சுருக்கம் விழுந்து நிக்கும், ஒருக்காக் கண்டவைக்கு மறக்காது. ஆனா சாதாரண பிளேட்டில, அதுவும் ரெண்டாம் நாளே பாத்தா, வெளியால விழுந்த குப்பைக் கிருமி மாதிரித்தான் தெரியும். ஒரு லாப்பில ஒரு வயசான கமக்காரரின்ர பிளேட்டை அப்பிடிக் குப்பையெண்டு எழுதி எறிஞ்சதை நான் கண்ணால கண்டனான், நான் அப்ப புதுசு, இன்னும் ரெண்டு நாள் வைச்சுப் பாப்பமெண்டு வாய் திறந்து கேக்கேல்லை, அது இண்டைக்கும் என்ர மனசில கிடக்கு.

அந்த விசேசப் பிளேட்டுக்கயும் ஒரு சிக்கல் இருக்கு. மற்றக் கிருமியள் வளராம இருக்க அதுக்க ஜென்டாமைசின் மருந்து கலந்திருக்கும், ஏனெண்டா மெலியோய்டோசிஸ் கிருமிக்கு அந்த மருந்து கேக்காது. அதுக்கிட்ட ஒரு பம்ப் இருக்கு, வயலில தண்ணி இறைக்கிற மெசின் மாதிரி உள்ள வாற மருந்தை வெளிய இறைச்சுப்போடும். ஆனா மலேசியாவின்ர சரவாக்கில எடுத்த கிருமியளில கனக்க அந்த மருந்துக்குச் செத்துப்போச்சுது, என்ன காரணமெண்டு பாத்தா பம்பை உண்டாக்கிற ஜீனில ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. 2014ல வந்த ஆய்வு அது. மொத்தம் 72 லட்சம் எழுத்துள்ள கிருமியில ஒரு எழுத்து! அந்தக் கிருமியை இந்தப் பிளேட்டில போட்டா முளைக்கவே முளைக்காது, ரிப்போட்டில "கிருமி இல்லை" எண்டு வரும், நோயாளி கட்டிலில கிடப்பார். அதாலதான் நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறனான், வேற ஊர்க் கிருமியைப் பாத்து எழுதின புத்தகத்தை மட்டும் நம்பேலாது, எங்கட வயலில இருக்கிறது என்ன வகையெண்டு எங்கட லாப்களுக்குத் தெரிஞ்சிருக்கவேணும். வன்னியில ஊருக்கு ஊர் மண் எடுத்துப் பாக்கவேணும், இரணைமடுக் கீழ்வயலும் வவுனிக்குளத்து வயலும் ஒரே மாதிரி எண்டு ஆர் சொன்னது?

அண்ணாவின்ர குளிசையை ஒரு நாளும் விடவேண்டாம். சுகமாப்போச்சு எண்டு நிப்பாட்டினா உள்ள ஒளிச்சிருக்கிற கிருமி திரும்பி எழும்பும். அவுஸ்திரேலியாவில ஒரு ஆளின்ர நெஞ்சுக்க 16 வருசத்துக்கு மேல இந்தக் கிருமி இருந்திருக்கு, இடைக்கிட எடுத்து ஜீன் வாசிச்சுப் பாத்தா மண்ணில சீவிக்கத் தேவையான ஜீன்களை ஒவ்வொண்டாக் கழட்டி எறிஞ்சுபோட்டு அந்த ஆளுக்குள்ளயே குடியிருக்கப் பழகியிருக்கு. குளிசை முடிய கிளினிக்குக்கும் கட்டாயம் போகச்சொல்லுங்கோ, சீனியையும் கட்டுப்பாட்டில வைக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: நான் ஏ.எல் பயோ படிக்கிறன். ஜீனைப் பாத்து கிருமி எங்கயிருந்து வந்ததெண்டு எப்பிடிச் சொல்லுறது?
– மாணவி, வவுனியா

பதில்: மேல சொன்ன அதே கிருமியை வைச்சே சொல்லுறன் பிள்ளை. 2021ல அமெரிக்காவில நாலு மாநிலத்தில நாலுபேருக்கு மெலியோய்டோசிஸ் வந்தது, ஒருத்தரும் வெளிநாடு போகேல்லை, ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியாது, ரெண்டுபேர் செத்துப்போச்சினம். நாலுபேரின்ர கிருமியின்ர ஜீனையும் வாசிச்சா நாலும் கிட்டத்தட்ட ஒண்டு, அதோட தெற்காசியக் கிருமியளோட கிட்டின சொந்தம். அப்ப ஏதோ ஒரு பொருள் இங்காலப் பக்கமிருந்து போயிருக்கு எண்டு பிடிச்சு வீட்டுச் சாமானெல்லாம் தேடி, கடைசியா ஒரு வீட்டில இருந்த வாசனை ஸ்பிரே போத்தலுக்க அதே கிருமியைக் கண்டவை, அது இந்தியாவில செய்தது. கிருமி பெருகேக்க இடைக்கிட எழுத்துப்பிழை விடும், அந்தப் பிழை அடுத்த தலைமுறைக்கும் போகும், ஒரே பிழையள் இருந்தா ஒரே வழியில வந்ததெண்டு அர்த்தம். நீங்கள் நோட்ஸ் கொப்பி அடிக்கேக்க முதல் எழுதின பிள்ளை விட்ட பிழை எல்லாற்ற கொப்பியிலயும் வாறேல்லையோ, அதேதான்.

கேள்வி: மகன்ர கையில ஒரு புண், ரெண்டு மாசமா ஆறேல்லை, நோவும் இல்லை. லீஷ்மேனியாவா இருக்கலாமெண்டு ஒரு டொக்டர் சொன்னவர். போனில தேடிப்பாத்தா அது ஆளைக் கொல்லுற வருத்தம் எண்டு கிடக்கு. ரெண்டு நாளா நித்திரையில்லை.
– தாய் ஒருவர், நெடுங்கேணி

பதில்: அம்மா, நித்திரை கொள்ளுங்கோ. போனில நீங்கள் பாத்தது பீகார் பக்கத்தில வாற காலா அசார், அது ஈரலையும் மண்ணீரலையும் பிடிக்கிறது, மருந்தில்லாட்டி உயிருக்கு ஆபத்து. எங்கட நாட்டில இருக்கிறதும் பேரில அதே கிருமிதான், லீஷ்மேனியா டொனோவானி, ஆனா இது கொஞ்சம் வேற வகை, இங்க அநேகமாத் தோலோட நிண்டுடும். இங்கயே தொத்தின முதல் ஆளை 1992ல பதிஞ்சவை. ஒரே பேருள்ள கிருமி ஒரு நாட்டில ஈரலுக்குப் போகுது, ஒரு நாட்டில தோலில நிக்குது, இது ஏனெண்டு ஆராய்ச்சிக்காரர் ரெண்டின்ர ஜீனையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தவை. பெரிய வித்தியாசம் ஒண்டும் இல்லை, சில ஜீன் மாறியிருக்கு, உள்ளுறுப்புக்க தாக்குப்பிடிக்க உதவுற ஒரு ஜீனின்ர கொப்பியள் தோல் வகையில குறைவு. அவ்வளவு சின்ன வித்தியாசம்தான் உங்கட மகனைக் காப்பாத்தி வைச்சிருக்கு.

அதுக்காகப் புண்ணை அப்பிடியே விடாதேங்கோ. பச்சிலை, சாம்பல் ஒண்டும் வைச்சுக் கட்டவேண்டாம். ஆஸ்பத்திரியில தோல் கிளினிக் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கோ. புண்ணின்ர கரையில கொஞ்சம் சுரண்டி கண்ணாடியில பூசிப் பாப்பினம், இருந்தா புண்ணுக்கயே ஊசி போடுவினம், இல்லாட்டி குளிரால சுடுவினம், ரெண்டும் கிழமைக்கணக்கு எடுக்கும், இடையில நிப்பாட்டாதேங்கோ. பின்னேரம் மாட்டுக்கொட்டில் பக்கம், புத்துப் பக்கம் போறதெண்டா கை நீட்டுச் சேட் போட்டுவிடுங்கோ, இதைக் காவுற மணல் ஈ நுளம்பை விடச் சின்னன், சாதாரண நெற்றுக்குள்ளாலயும் பூந்திடும். வீட்டில வேற ஆருக்கும் ஆறாத புண் இருந்தா அவையையும் அதே நாள் கூட்டிக்கொண்டு போங்கோ.