கொம்பு முன்னே நிற்பது எப்படி? எழுத்துரு குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்து வைத்த தமிழ்க் கோப்பு ஒன்றை இப்போது திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கோப்பு கெடவில்லை. அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்த எழுத்துருதான் உங்கள் கணினியில் இப்போது இல்லை. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறையான ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்துவிடுவது அன்றைய வழக்கம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதியவர் கணினிக்குக் கொடுத்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். எந்த எழுத்துருவில் எழுதினீர்கள் என்பது நினைவிருந்தால், அதற்குரிய மாற்றியைக் கொண்டு உரையை முழுவதுமாக மீட்டுவிடலாம்.

ஒரு வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். நம் பழைய கோப்பு குப்பையாகத் தெரிவதால் கோளாறு உடனே புலப்பட்டுவிடுகிறது. மியன்மாரில் பரவியிருந்த ஸாஜி எழுத்துரு, ஒருங்குறி பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய அதே எண்களைத் தன் விருப்பப்படி பயன்படுத்தியதால், ஓர் உரை எந்த முறையில் எழுதப்பட்டது என்று பிரித்தறிவதே அங்கே பெரும்பாடாக இருந்தது. அந்நாடு ஒருங்குறிக்கு முறைப்படி மாறிய நாள் 2019 அக்டோபர் 1.

கேள்வி: ‘கொ’ என்பதைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளாக எழுதுகிறோம். ஆனால் அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் கொம்பும் காலும் சேர்ந்து மறைந்து ‘க’ மட்டும் நிற்கிறதே, ஏன்?

பதில்: கை எழுதும் வரிசை வேறு, கணினி சேமிக்கும் வரிசை வேறு. ஒருங்குறியில் ஒலி வரிசைதான் செல்லும்: முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. நீங்கள் பார்க்கும் மூன்று துண்டுகள் சேமிப்பில் இரண்டே எண்கள். அவற்றில் கடைசி எண்ணைத்தான் அழிப்பு விசை நீக்குகிறது. அந்த இரண்டு எண்களைத் திரையில் வரைய வேண்டிய நேரத்தில், உருவமைப்பு நிரல் ஒன்று இடையில் புகுந்து, ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பை ககரத்துக்கு முன்னே தூக்கி வைக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகிய மூன்றிலும் இவ்வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரலாகும்.

நிரல் பொதுவான இலக்கணத்தை மட்டுமே அறியும். அந்தந்த எழுத்தின் முகம் எழுத்துருவுக்குத்தான் தெரியும். உகரக் குறி ஒருங்குறியில் ஒன்றே. ஆனால் அது ‘கு’வில் வளைந்து சுற்றுகிறது, ‘பு’வில் கோடாகக் கீழிறங்குகிறது, ‘து’வில் கீழே போய் வலப்புறமாக மேலேறுகிறது. ஆகவே 18 மெய்களுக்கும் உகர, ஊகார வரிசைகளில் 36 வடிவங்களை வடிவமைப்பாளர் தனித்தனியே வரைந்து, ‘இந்த இரண்டு குறிகள் அடுத்தடுத்து வந்தால் இந்த வடிவத்தை இடு’ என்ற விதியை எழுத்துருவுக்குள் எழுதி வைக்கிறார். மைக்ரோசாஃப்ட், அடோபி நிறுவனங்கள் 1996-இல் அறிவித்த ஓப்பன்டைப் என்னும் எழுத்துருக் கோப்பு முறையின் உயிர்நாடி இவ்விதிகள்தாம். எழுத்துரு என்றால் அழகிய ஓவியங்களின் தொகுப்பு என்று நினைப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘கௌ’ என்பதன் வலப்பாதி பார்வைக்கு அச்சு அசலாக ளகரம். அதனால் பலர் கொம்பிட்டு, ளகரத்தையே தட்டி ‘கெள’ என்று முடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடும்போது மட்டும் சொல் அகப்படாது.

கேள்வி: சில செய்திகளில் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வருவது ஏன்?

பதில்: அந்த எண்ணுக்குரிய வடிவம் உங்கள் கருவியிலுள்ள எந்த எழுத்துருவிலும் இல்லை என்பதே பொருள். இக்கட்டங்களுக்கு டோஃபு என்று செல்லப்பெயர் உண்டு. ‘டோஃபு வேண்டாம்’ என்பதைக் குறித்தே கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயரிட்டது. கினி நாட்டில் பாரி சகோதரர்கள் இருவர் ஃபுலானி மொழிக்கென 1989-இல் உருவாக்கிய அட்லம் எழுத்து, 2016-இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றது. எண் கிடைத்த பிறகும் எழுத்துரு, விசைப்பலகை, கருவிகளின் ஆதரவு என்று ஒவ்வொன்றாக வந்து சேர வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஆங்கிலத்துக்கு எழுத்துருக்கள் கொட்டிக் கிடக்கின்றன. மற்ற மொழிகளுக்கு ஏன் இந்தப் பஞ்சம்?

பதில்: சந்தையின் அளவு ஒரு காரணம், உழைப்பின் அளவு இன்னொன்று. ஓப்பன்டைப் எழுத்துரு ஒன்றில் ஏறத்தாழ 65,500 வடிவங்களுக்கு மேல் இடமில்லை. ஒருங்குறியிலுள்ள சீன எழுத்துகளோ 90,000-ஐத் தாண்டிவிட்டன. 2014-இல் அடோபியும் கூகுளும் இணைந்து வெளியிட்ட சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துரு அந்த வரம்பின் விளிம்பையே தொட்டது.

எண்ணிக்கை குறைவென்றால் வேலை எளிது என்றும் சொல்வதற்கில்லை. உருது எழுதப்படும் நஸ்தலிக் பாணியில், ஒரு சொல்லின் எழுத்துகள் வலப்புற மேல்முனையிலிருந்து இடப்புறம் கீழ்நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. முதலெழுத்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பின்னால் எத்தனை எழுத்துகள் வருகின்றன என்பதே முடிவு செய்கிறது. புள்ளிகள் ஒன்றோடொன்று மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1981-இல் நூரி நஸ்தலிக் உருவானபோது, விதிகளால் இதைச் சமாளிக்க வழியில்லாததால், எழுத்துக் கூட்டுகளையே ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே வரைந்து வைத்தார்கள். எழுத்துகள் ஒரே கோட்டின் மீது தனித்தனிப் பெட்டிகளில் அமரும் என்று நம்பி அமைக்கப்பட்ட கருவிகளுக்குள் இப்படியொரு எழுத்தைப் பொருத்துவது எளிதன்று.

கேள்வி: எனக்கு வரையத் தெரியும், நிரல் எழுதத் தெரியாது. நான் தமிழ் எழுத்துரு உருவாக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளே தொடங்குவதற்குப் போதும்; மேலே சொன்ன விதிகளும் பழகிவிட்டால் குறுகிய வாக்கியங்கள் போன்றவைதாம். ஆனால் அகரத்தில் தொடங்காதீர்கள். ‘ப’, ‘ட’, ‘க’, ‘ற’ ஆகியவற்றை முதலில் வரைந்து, கோட்டின் தடிமனையும் வளைவின் போக்கையும் முடிவு செய்த பின் மற்றவற்றுக்குச் செல்லுங்கள். தடித்த வடிவத்துக்கு வரும்போது மூன்றுசுழி ணகரம் உங்களைச் சோதிக்கும்: எல்லாக் கோடுகளையும் ஒரே அளவில் தடிக்க வைத்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும், ஆகவே உட்கோடுகளைச் சற்று மெலியவிட்டு, எழுத்தையும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

பிறருடைய எழுத்துருவைத் திறந்து நகலெடுத்துத் தொடங்குவதாக இருந்தால், உரிமத்தைப் படித்துவிடுங்கள். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானதை மாற்றி வெளியிடலாம். ஆனால் உங்கள் எழுத்துருவும் அதே உரிமத்தில்தான் வெளிவர வேண்டும், மூல எழுத்துருவின் பெயரை அதை உருவாக்கியவர் தமக்கென ஒதுக்கி வைத்திருந்தால் அப்பெயரையும் பயன்படுத்தக்கூடாது. வெளியிடும் முன் ‘ணூ’, ‘ஞௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவை வரும் பக்கமொன்றைக் கைபேசித் திரையில் மிகச் சிறிய அளவில் வைத்துப் பாருங்கள். ஊகாரத்தின் அடிப்பகுதி அடுத்த வரியின் புள்ளிமீது இடித்தால், வரியிடைவெளிக்கான அளவுகளைத் திருத்திய பிறகே வெளியிடுங்கள்.