பிள்ளை விரும்புகிற பெயரும் பள்ளிப் பதிவேடும்: கேள்வி பதில்

கோபியிலிருந்து ஒரு அம்மா: ஒன்பதாவது படிக்கிற என் பிள்ளை, பதிவேட்டில் பெண், தன்னைப் பையன் என்கிறான். அவன் வைத்துக்கொண்ட பெயரில் கூப்பிடச் சொன்னால், பதிவேட்டுப் பெயர்தான் சட்டம் என்கிறார் தலைமையாசிரியர். நிஜமாங்களா?

இல்லைங்க அக்கா. பதிவேட்டில் பெயரை மாற்றத்தான் ஆவணம் வேண்டும், வகுப்பில் கூப்பிட எந்தக் காகிதமும் வேண்டியதில்லை. ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கின் தீர்ப்பிலேயே ஏற்றுக்கொண்டது. கல்வி நிலையத்தில் பாகுபாடு கூடாது என்கிறது 2019 திருநர் (திருநங்கை, திருநம்பி போன்றோர்) சட்டம். பள்ளிக்கு இன்னும் நேராகப் பொருந்துவது, 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு. திருநர் மாணவர்களின் பெயரையும் பாலினத்தையும் கல்விப் பதிவுகளில் மாற்றிக் கொடுப்பது, விண்ணப்பத்தில் அவர்களுக்கும் ஒரு கட்டம், பால் வேறுபாடு இல்லாத கழிப்பறை, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது எல்லாம் அதில் இருக்கிறது. அதை அச்செடுத்து அவர் மேசையில் வையுங்கள், பேச்சே மாறிவிடும்.

திருப்பூர்: பதிவேட்டிலேயே மாற்ற வேண்டுமென்றால்?

பதினெட்டு வயது ஆகவில்லையென்றால் பெற்றோர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெயருக்கு அரசிதழ், பாலின அடையாளச் சான்றுக்கு மாவட்ட ஆட்சியர். பத்தாவது மார்க் ஷீட் அச்சாகி வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், அப்புறம் மாற்றுவது பெரிய அலைச்சல்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு ஆசிரியை: ஒரு மாணவி தன் பாலின அடையாளத்தைப் பற்றி என்னிடம் மட்டும் சொன்னாள். வீட்டில் சொல்லாவிட்டால் போக்சோவில் நான் மாட்டுவேனா?

மாட்டீங்க டீச்சர். பாலியல் குற்றம் தெரிந்தும் மறைத்தால்தான் போக்சோ வரும், ஒரு பிள்ளை தன்னை யாரென்று சொல்வது குற்றமே இல்லை. வீட்டில் அடி விழுமா, படிப்பை நிறுத்தி அவசரமாகக் கல்யாணம் பேசுவார்களா என்று முதலில் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். அந்தப் பயம் இருக்கும்போது நீங்களாகப் போய்ச் சொல்வது பெரிய தப்பு என்றே நினைக்கிறேன். அதுவரை வகுப்பில் வாடா வாடி என்பதை விட்டுவிட்டு எல்லாரையும் கண்ணு என்றே கூப்பிடுங்களேன், நம்ம பக்கம் யாருக்கும் அது வித்தியாசமாகப் படாது.

ஈரோடு: தம்பி குடும்பம் கனடாவில், கால்கரியில் இருக்கிறது. அங்கே எப்படிங்க?

அது ஆல்பர்ட்டா மாகாணம். 2024 டிசம்பரில் நிறைவேறிய சட்டப்படி, பாலினம் சார்ந்து பெயரையோ, அவன் அவள் என்று சுட்டும் சொல்லையோ பள்ளியில் மாற்ற 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், 16, 17 வயதில் பெற்றோருக்குத் தகவல் போகும். சஸ்காச்சுவான் மாகாணம் 2023 அக்டோபரிலேயே இப்படி ஒரு சட்டம் போட்டது, அதுவும் உரிமைச் சாசனத்தை மீறி நிற்க அரசுக்கு இடம் தரும் விதியைக் கையில் எடுத்து. நியூ பிரன்ஸ்விக்கில் 2023-ல் கட்டுப்பாடு வந்தது, ஆட்சி மாறியதும் 2024-லேயே தளர்த்திவிட்டார்கள். அதனால் கனடா என்று பொதுவாகக் கேட்காமல் எந்த மாகாணம் என்று பாருங்கள். உங்கள் தம்பி வீட்டில் பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால், பள்ளியிலிருந்து தகவல் வரட்டும் என்று இருக்காமல், அவர் முதலில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள்.