உண்மை சொல்லும் காவலர் எங்கே போவார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளம் வழக்கில் தலைமைக் காவலர் ரேவதி தன் ஸ்டேஷன் காவலர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இன்று வேறொரு ஸ்டேஷனில் ஒரு காவலர் அப்படிச் சொல்ல நினைத்தால் யாரிடம் போவது? முறைகேடுகளைப் பற்றித் தகவல் சொல்வோரைப் பாதுகாக்கத்தான் சட்டம் இருக்கிறதே, அது போதாதா?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் சட்டம் 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றதோடு நிற்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளியாகவில்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் புகார் அனுப்பும் 2004ஆம் ஆண்டு ஏற்பாடு மத்திய அரசுத் துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே. தமிழகக் காவலருக்கு இரண்டும் உதவாது.

நேராக மாஜிஸ்திரேட்டிடம் போய் வாக்குமூலம் கொடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 164, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி வாக்குமூலம் பதிய, விசாரணை அதிகாரி கேட்க வேண்டும். தானாக வந்து நிற்பவரிடம் பதிய வேண்டியதில்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விசாரணை அதிகாரி பெரும்பாலும் அதே துறைக்காரர்.

ரேவதிக்கு வழி திறந்தது வேறு விதமாக. 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் இறந்ததால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயமானது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கே போனார். சிசிடிவி பதிவுகள் அன்றன்றைக்கே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததை ரேவதி சொன்னார். ஆனால் கையெழுத்துப் போடத் தயங்கினார். பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த பிறகே போட்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. அவரைக் காப்பாற்றியது அந்தத் துணிச்சலான உத்தரவுதான் என்பது என் உறுதியான எண்ணம். காவல் துறையின் பிடி தளர்ந்த இடத்தில்தான் சாட்சி நிலைத்தது.

2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இங்கேதான் இடறுகிறது. பாதுகாப்பு கேட்கும் மனுவை முடிவு செய்வது மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு. ஆனால் மிரட்டல் எவ்வளவு என்று ஐந்து வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டியவர் அந்த உட்கோட்டத்து டிஎஸ்பி. மிரட்டுவது அவருக்குக் கீழே இருக்கும் இன்ஸ்பெக்டர் என்றால் அறிக்கை எப்படி இருக்கும்? காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க, தமிழகத்தின் 2013ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டத்தில் வந்த மாநிலப் புகார் ஆணையத்துக்கும் உள்துறைச் செயலாளர்தான் தலைவர். ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக வேண்டும் என்று காவல் துறைச் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே கூறியிருந்தது.

ஆகவே, சொல்ல நினைக்கும் காவலர் முதலில் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். பத்திரிகைக்குப் பேசினால் நடத்தை விதியைக் காட்டி 3(பி) குறிப்பாணை, அதாவது பெரிய தண்டனைக்கான துறைக் குற்றச்சாட்டு, வந்துவிடும். பிறகு பேச்சு குற்றத்தைப் பற்றி இருக்காது, அவரைப் பற்றி இருக்கும். ஸ்டேஷன் ஆவணங்களின் அசலை வெளியே எடுத்துவரக் கூடாது. தேதி, நேரம், ஸ்டேஷனின் அன்றாட நிகழ்வுகளை எழுதும் பொது நாட்குறிப்பின் பதிவு எண், அன்று பணியில் இருந்தவர்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்தாலே நீதிமன்றம் அவற்றை வரவழைக்க முடியும்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும்போது தனக்குப் பாதுகாப்பு கேட்பதோடு சிசிடிவி பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். குறைந்தது ஓராண்டுப் பதிவு இருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. இந்தக் கோரிக்கையை முதல் நாளே வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் "கேமரா பழுது" என்று பதில் வரும்.