அத்தை சொல்லாத விஷயத்துக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்வீர்கள்?

கேள்வி: என் அத்தை எங்கள் ஊர் நகராட்சித் தலைவர். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் கூட்டத்திலும் வெளியிலும் தினம் ஒரு குற்றச்சாட்டு வைக்கிறார்கள். "நீதான் படிச்சவன், பதில் கொடுக்கிற வேலையை நீ பாரு" என்று அத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். நண்பர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, எது வந்தாலும் அரை மணி நேரத்துக்குள் பதிலடி கொடுக்கிறோம். ஆனாலும் பேர் கெட்டுக்கொண்டுதான் போகிறது. இப்போது பாதாளச் சாக்கடை டெண்டரைப் பெரிதாகக் கிளப்புகிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால் அத்தை என்னிடமே முழுசாகச் சொல்ல மாட்டேன் என்கிறார். பெரிய அரசாங்கங்கள் இதையெல்லாம் எப்படி ஒழுங்குபடுத்திச் செய்கின்றன? எங்கள் குழுவை வைத்திருக்கலாமா, கலைத்துவிடலாமா?
- பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்

பதில்: தம்பி, டெண்டர் பற்றி அத்தை வாய் திறப்பதில்லை என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பெரிய அரசாங்கங்கள் கதை.

ஒரே ஒரு அரசாங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவில் 1993 முதல் 2001 வரை நடந்த பில் கிளின்டன் ஆட்சி. எதிர்க்கட்சிக்குப் பதில் சொல்வதையே ஒரு தனி இலாகா மாதிரி நடத்தியவர்கள் அவர்கள். பிரமாதமாகவும் செய்தார்கள், மோசமாகச் சொதப்பவும் செய்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பலர் பிறகு புத்தகம் எழுதினார்கள், பலர் விசாரணைகளில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். அதனால் மூடிய கதவுக்குப் பின்னால் யார் என்ன சொன்னார்கள் என்பது ஓரளவு வெளியே தெரியும்.

உங்கள் அரை மணி நேரப் பதிலடி அவர்கள் பிரபலமாக்கிய பழக்கம்தான். 1988 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸ், மாநாடு முடிந்த கையோடு கருத்துக்கணிப்பில் 17 புள்ளி முன்னால் இருந்தார். குற்றவாளிகளிடம் இளக்கமாக இருப்பவர் என்று எதிரணி அவரைப் பற்றி விளம்பரம் விளம்பரமாகப் போட்டது. அவர் ரொம்ப நாள் பேசாமல் இருந்தார். நவம்பரில் 50 மாநிலங்களில் 40 கைவிட்டுப் போயின. அதைப் பார்த்திருந்த ஜேம்ஸ் கார்வில், ஜார்ஜ் ஸ்டெஃபனோபொலஸ் போன்றவர்கள் 1992-இல் லிட்டில் ராக் நகரில் கிளின்டனுக்காக ஒரு 'போர் அறை' திறந்தார்கள். எதிராளி பேசிய சூட்டோடு பத்திரிகைகளுக்குப் பதில் போய்விடும். கிளின்டன் ஜெயித்தார், அப்புறம் ஊர் உலகத்துக் கட்சியெல்லாம் அதைக் காப்பியடித்தது.

ஆனால் அது தேர்தல் சமயத்து ஏற்பாடு. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நிலைமை வேறு. தேர்தலில் வாய்க்கு வாய் சண்டை போதும். ஆட்சியில் இருப்பவர் சொல்லும் பதிலை நாளைக்கு யாராவது கோப்போடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கிளின்டன் ஆட்கள் இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆனது.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. 1993 கோடையில் பட்ஜெட் மசோதாவுக்கென்றே தனியாக ஒரு போர் அறை அமைத்து, நிதித்துறைத் துணை அமைச்சர் ராஜர் ஆல்ட்மனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. இருந்தும் கீழவையில் 218-க்கு 216 என்று மசோதா தப்பித்தது. செனட்டில் 50-50 என்று நின்று, துணை அதிபர் அல் கோர் ஓட்டுப் போட்டு நிறைவேறியது. சண்டை ஒரே விஷயத்தைப் பற்றி, அதற்கு ஒரு கெடு தேதி, பேசுகிறவர்களுக்கும் கணக்கு தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட சண்டைக்கு வேகம் உதவும்.

அதே வருஷக் கடைசியில் மறைக்கிற மாதிரி ஒன்று வந்தது. 1970-களின் கடைசியில் கிளின்டன் தம்பதி ஆர்கன்சாவில் 'வொயிட்வாட்டர்' என்ற நிலத் திட்டத்தில் ஒரு நண்பரோடு சேர்ந்து பணம் போட்டு, நஷ்டப்பட்டிருந்தார்கள். அந்த நண்பர் பிறகு ஒரு சேமிப்பு வங்கி நடத்தினார், அது திவாலானது. 1993 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அந்த நில விவகாரக் காகிதங்களைக் கேட்டது. கொடுத்துவிடலாம் என்றார்கள் அதிபரின் ஆலோசகர்கள் டேவிட் கெர்ஜனும் ஸ்டெஃபனோபொலஸும். கூடாது என்றார்கள் வழக்கறிஞர்கள். ஹிலரியும் கூடாது என்றார். காகிதம் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். எதை மறைக்கிறார்கள் என்ற கேள்வி கிளம்பி, 1994 ஜனவரியில் தனி விசாரணை அதிகாரி வந்தார். ஆகஸ்டில் அவர் இடத்துக்குக் கென்னத் ஸ்டார் வந்தார். அதே ஆகஸ்டில், இந்த விவகாரம் தொடர்பாக நாடாளுமன்றத்தில் சொன்ன சாட்சியத்தில் மாட்டிக்கொண்டு, பட்ஜெட்டைக் காப்பாற்றிய அதே ஆல்ட்மன் ராஜினாமா செய்தார். 1996 ஜனவரியில், விசாரணை அதிகாரிகள் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த, ஹிலரி வக்கீலாக இருந்த காலத்துக் கட்டணக் கணக்குகள் வெள்ளை மாளிகையின் குடியிருப்புப் பகுதியிலேயே அகப்பட்டன. அதில் என்ன இருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. எங்கே கிடைத்தது என்பதுதான் செய்தியானது. 1998 ஜனவரியில் ஸ்டாரின் விசாரணை, வெள்ளை மாளிகையில் பயிற்சி ஊழியராக இருந்த மோனிகா லெவின்ஸ்கியோடு கிளின்டனுக்கு உறவு என்ற விஷயத்துக்கு நீண்டது. கடைசியில் 2000-இல், வொயிட்வாட்டரில் அந்தத் தம்பதி மீது வழக்குப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள்! முதல் நாளே காகிதத்தைக் கொடுத்திருந்தால் தனி விசாரணையே வந்திருக்காது என்று கெர்ஜன் பிறகு எழுதினார். அப்படித்தான் ஆகியிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. எனக்கு அவர் சொல்வது சரியென்றே படுகிறது.

இடையில் அவர்களும் பாடம் கற்றார்கள். 1994 தேர்தலில் நாடாளுமன்றம் எதிர்க்கட்சி கைக்குப் போய், விசாரணைக்கு மேல் விசாரணை வர ஆரம்பித்ததும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஊழல் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலையை மற்ற எல்லா வேலையிலிருந்தும் பிரித்து, வெள்ளை மாளிகை வழக்கறிஞர் அலுவலகத்துக்குள் ஒரு சின்னக் குழுவிடம் கொடுத்தார்கள். முதலில் மார்க் ஃபேபியானி, 1996 டிசம்பரிலிருந்து லானி டேவிஸ். பத்திரிகைச் செயலாளர் மைக் மெக்கரியிடம் இந்தக் கேள்வி வந்தால், அந்த அலுவலகத்தைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதிபர் கல்வி, சுகாதாரம் என்று தன் வேலையைப் பற்றி மட்டும் பேசுவார்.

டேவிஸின் முறை வெள்ளை மாளிகையில் பலருக்குப் பிடிக்கவில்லை. கெட்ட செய்தி எப்படியும் வெளியே வரத்தான் போகிறது, அதை நாமே முதலில், முழுசாகச் சொல்லிவிடுவோம் என்பது அவர் வாதம். 1997 பிப்ரவரியில், நன்கொடையாளர்களை வெள்ளை மாளிகையில் ராத்தங்க வைத்தார்கள் என்ற புகார் பெரிதானபோது, தங்கிய விருந்தினர்கள் 900-க்கும் மேற்பட்டவர்களின் பட்டியலை வெள்ளை மாளிகையே வெளியிட்டது. ஒரு வாரம் நாறியது. ஆனால் ஜூலையில் செனட்டர் ஃப்ரெட் தாம்சன் தடபுடலாக விசாரணையை ஆரம்பித்தபோது, அங்கே எடுத்து வைத்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே பேப்பரில் வந்ததாக இருந்தது. பழைய செய்திக்கு எத்தனை நாள் கூட்டம் சேரும்?

இதே அலுவலகம் ஒரு வேண்டாத வேலையும் பார்த்தது. கிளின்டனைப் பற்றிய புகார்கள் எந்தப் பத்திரிகையில் கிளம்பி எது வழியாகப் பரவுகின்றன, பின்னால் யார் பணம் என்று 331 பக்கத்துக்கு ஒரு தொகுப்பு. 1997 ஜனவரியில் அது வெளியே தெரிந்ததும் ஊரே சிரித்தது. அதில் சில விஷயம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் புகார் சொன்னவனின் ஜாதகத்தைப் புரட்டினால், பதில் இல்லாததால்தான் புரட்டுகிறான் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுவார்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த உங்கள் குழுவின் பதிவுகளில் பாதிக்கு மேல் அந்தக் கவுன்சிலர் முன்னால் எந்தக் கட்சியில் இருந்தார், அவர் மச்சான் என்ன தொழில் செய்கிறார் என்பதுதான் இருக்கிறது. பேர் கெடுவதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது டெண்டருக்கு வருகிறேன். 1998 ஜனவரி 23. லெவின்ஸ்கி செய்தி வெடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அமைச்சரவைக் கூட்டத்தில் கிளின்டன் அதெல்லாம் பொய் என்றார். வெளியே வந்த அமைச்சர்கள் ஆல்பிரைட், ஷலேலா, டேலி, ரைலி நான்கு பேரும் கேமராக்கள் முன்னால் நின்று அவரை நம்புவதாகச் சொன்னார்கள். ஆகஸ்ட் 17-ஆம் தேதி கிளின்டன் தவறான உறவு இருந்ததை ஒப்புக்கொண்டார். அந்த நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. தெரியாததற்குத் தங்கள் பெயரை அடகு வைத்தார்கள், அவ்வளவுதான். உலகத்திலேயே மிகச் சிறந்த பதில் சொல்லும் ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. தலைவர் உள்ளே சொன்னது பொய்யாக இருந்ததால் அந்த ஏற்பாட்டால் ஒரு பயனும் இல்லை.

மெக்கரி ஜனவரியிலேயே உஷாராக இருந்தார். உண்மை என்ன என்று அதிபரிடம் நேரில் கேட்கவே இல்லை. கேட்டால் நாளைக்குச் சாட்சிக் கூண்டில் சொல்ல வேண்டியிருக்கும். தெரியாது, வழக்கறிஞரைக் கேளுங்கள் என்றே ஓட்டினார். பார்க்கக் கேவலமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் வாயிலிருந்து பொய் வரவில்லை. ஆட்சி விழாததற்கு ஒரு காரணம், வேலை தனியாக ஓடிக்கொண்டிருந்ததும்தான்: டிசம்பரில் கீழவை பதவிநீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றிய சமயத்தில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் கிளின்டனுக்கு ஆதரவு 73 சதவீதம். (பொருளாதாரம் அப்போது நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆகவே அத்தையிடம் உட்கார்ந்து, வேறு யாரும் இல்லாதபோது, மூன்று விஷயம் கேளுங்கள். டெண்டர் எடுத்தவருக்கும் நம் குடும்பத்துக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டா? குறைந்த தொகை கேட்டவரை ஒதுக்கியிருந்தால், கோப்பில் அதற்குக் காரணம் எழுதியிருக்கிறதா? போடாத குழாய்க்குப் பில் போயிருக்கிறதா? நேராகப் பதில் சொன்னால், மதிப்பீடு, விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, இதுவரை கொடுத்த பணம் எல்லாவற்றையும் அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் அவரே மேஜைமேல் வைக்கட்டும். எப்படியும் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் கொடுத்தாக வேண்டிய காகிதம்தானே. எதிர்க்கட்சி அதை வாங்கிக்கொண்டு வந்து காட்டுவதற்கும் தலைவரே காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அத்தை மழுப்பினால், டெண்டரைப் பற்றி இனி ஒரு வரிகூட நீங்கள் எழுதக் கூடாது. "அது எனக்குத் தெரியாது, தலைவர் கூட்டத்தில் சொல்வார்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கு அத்தை கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கிளின்டனின் உதவியாளர்கள் பலர், தாங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே, வக்கீலுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கடனாளி ஆனார்கள். நாளைக்கு விசாரணை என்று வந்தால் உங்கள் போனும் கேட்கப்படும்.

மற்ற குற்றச்சாட்டுகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றுக்கும் பதில் வேண்டாம். குடிதண்ணீர், குப்பை, தெருவிளக்கு என்று மக்கள் வீட்டு வாசலைத் தொடுவதற்கு மட்டும் சொல்லுங்கள். அரை மணி நேரம் வேண்டாம், பொறியாளரிடம் கேட்டுவிட்டு மறுநாள் காலை சொன்னால் போதும். பேசுகிறவர் ஒருவராக இருக்கட்டும், அது அத்தையாக இருக்க வேண்டாம். அவர் வார்டு வார்டாகப் போகட்டும்.

குழுவைக் கலைக்க வேண்டியதில்லை. பதிலடி போடுவதை நிறுத்திவிட்டு, எந்தத் தெருவில் என்ன புகார் வருகிறது என்று சேர்த்து ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுக்கப் பயன்படுத்துங்கள். நகராட்சி ஊழியர் யாராவது அந்தக் குழுவில் இருந்தால் இன்றைக்கே வெளியேறச் சொல்லுங்கள். அவர்கள் சம்பளம் வாங்குவது ஊருக்காக, உங்கள் கட்சிக்காக அல்ல. எதிர்க்கட்சி அடுத்து பிடிக்கப் போவதும் அதைத்தான்.