தண்ணீர் ஊற்றும் கையைக் கட்டுங்கள்: குஞ்சு பொரிப்பு கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக்குப் பின்னால் கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்க்கிறேன். 48 முட்டை கொள்ளும் சின்ன இன்குபேட்டர் (குஞ்சு பொரிக்கும் இயந்திரம்) ஒன்று ஓடுகிறது. குஞ்சு பொரிப்பதைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, 24 முட்டை வைத்தேன். 21ஆம் நாள் 5 குஞ்சுதான் வந்தது. மிச்சத்தை உடைத்துப் பார்த்தால் முழுக் குஞ்சு உள்ளேயே செத்துக் கிடக்கிறது, ஒரே சொதசொதப்பு. தண்ணீர்க் குழி இரண்டையும் முதல் நாளிலிருந்தே நிரப்பித்தான் வைத்தேன். (பட்டர்வொர்த்)

அந்தத் தண்ணீர்தான் தம்பி காரணம். இயந்திரத்தோடு வரும் தாளில் “தண்ணீர் நிரப்பவும்” என்று போட்டிருக்கும். அது குளிரும் வறட்சியுமான ஊர்களுக்குச் சரி. நம் ஊர்க் காற்று 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருக்கிறது. அதே காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் தானாகவே 50க்குச் சற்று மேல் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு முட்டை கேட்பதும் அவ்வளவுதான். அதற்கு மேல் தண்ணீர் ஊற்றினால் ஓட்டின் வழியே வெளியேற வேண்டிய ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகாது. மூச்சு விடத் தலையைத் தூக்கும் குஞ்சுக்கு இடம் இருக்காது.

சமையலறைத் தராசு போதும். 50 கிராம் முட்டை 18ஆம் நாள் 44 கிராமுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 47 காட்டினால் ஈரம் அதிகம். நான் இருட்டில் டார்ச் அடித்து, காற்றறையின் ஓரத்தைப் பென்சிலால் 7, 14, 18ஆம் நாட்களில் கோடு போட்டு வைப்பேன். 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்திவிட்டு, அப்போது தண்ணீரை நிரப்புங்கள். கடைசி மூன்று நாளுக்கு 65, 70 விழுக்காடு வேண்டும். ஏர்கோன் (ஏசி) அறையில் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுத் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். அங்கே காற்று காய்ந்தது, உள்ளே 30க்கும் கீழே போய்விடும்.

பாசாரில் (சந்தையில்) வாங்கிய முட்டை பொரிக்குமா? (நிபோங் தெபால்)

பண்ணை முட்டை பொரிக்காது, அங்கே சேவலே கிடையாது. கம்போங் முட்டையில் கரு இருக்கலாம், ஆனால் எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்ததோ! தெரிந்தவர் வீட்டில் வாங்குங்கள். வாங்கியதை ஒரு வாரத்துக்குள் வைத்துவிடுங்கள். குளிர்பெட்டி வேண்டாம், அடுப்படியும் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி அப்படியே நின்று சாகும். ஏர்கோன் அறையில் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் தாண்டிக் கொண்டுவந்த முட்டை என்றால் அரை நாளாவது அசையாமல் கிடக்கட்டும், அப்புறம் இயந்திரத்தில் வையுங்கள்.

இடி இடித்தால் கரு கலங்கிவிடும், இரும்புத் துண்டு போடு என்கிறார் மாமியார். இன்குபேட்டருக்குள்ளும் போட வேண்டுமா? (பிறை)

ஓர் ஆணியைப் போட்டுவிடுங்கள்மா, மாமியாருக்கு நிம்மதி. என் பாட்டியும் அடைக்கூடையில் கரித்துண்டு போடுவார். இடி முட்டையை ஒன்றும் செய்யாது, மெயின் சுவிட்சைத்தான் விழவைக்கும். சாயங்கால மழையில் டிரிப் ஆகி, வீட்டில் ஆள் இல்லாவிட்டால் இயந்திரம் நின்றே கிடக்கும். மூடியைத் திறக்காமல் போர்வையைப் போர்த்துங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். அடைக்கோழியே தினமும் இரை தேட எழுந்து போகிறதே!

முட்டை தாங்காதது சூடுதான். ஒருமுறை இயந்திரத்தை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு வெளியே போனேன். மத்தியான வெயில் நேராக விழுந்து, திரும்பி வரும்போது 41 காட்டியது. 31 முட்டை. ஒன்றும் தேறவில்லை.

20ஆம் நாள் ராத்திரி ஒன்று ஓட்டில் துளை போட்டது. பத்து மணி நேரமாகியும் அப்படியே இருக்கிறது. உரித்துவிடலாமா? (பாலிக் புலாவ்)

கையை வைக்காதீர்கள். துளை போட்டபின் 24 மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும், சவ்வில் இரத்தம் இன்னும் ஓடும். நானும் பொறுக்காமல் உரித்திருக்கிறேன். நகம் பட்ட இடத்தில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. அந்தக் குஞ்சு விடியும்வரை தாங்கவில்லை. மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சவ்வு காய்ந்து குஞ்சைக் கட்டிப்போட்டுவிடும். பொரித்தவையும் இறகு உலரும் வரை உள்ளேயே இருக்கட்டும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், பட்டினி கிடக்காது.

கூர்மையான முட்டையில் சேவல், உருண்டையில் பெட்டையாமே? (பிறை)

அது உண்மையானால் என் வீட்டில் இத்தனை சேவல் இருக்குமா?

புரூடர் பெட்டியில் (பொரித்த குஞ்சுகளைச் சூட்டில் வைக்கும் பெட்டி) 100 வாட் பல்பு இரண்டு போட்டேன். குஞ்சுகள் மூலையில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. ஒன்றுக்குக் கால் விரிந்துவிட்டது. (ஆயர் ஈத்தாம்)

சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள் ஐயா. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம். நம் மத்தியானமே 32. முதல் வாரம் தாண்டினால் பகலில் பல்பு அநேகமாகத் தேவையில்லை, ராத்திரிக்கும் மழைக்கும் ஒன்று போதும், அதுவும் பெட்டியின் ஒரு மூலையில். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். சிறகை விரித்துத் தள்ளிப் படுத்தால் சூடு. ஆங்காங்கே பரவித் தூங்கினால் சரி.

நாளிதழ் விரித்திருப்பீர்கள், அதில் கால் வழுக்கும். கோணியோ மரச்சீவலோ போடுங்கள். விரிந்த காலை இன்றைக்கே மெல்லிய பட்டையால் அளவான இடைவெளியில் கட்டினால் இரண்டு மூன்று நாளில் நிற்கும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடுங்கள், குஞ்சு மூழ்காது. பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். செவ்வெறும்பு ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிடும்.

எப்போது மண்ணில் விடலாம்? (சுங்கை பாக்காப்)

இறகு முழுதாக மூடியபின், ஐந்தாறு வாரத்தில். அதற்கு முன்னாலேயே எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இரத்தக்கழிச்சல் நோய். ஈரச்சீவலில்தான் அது பெருகும். அன்றைக்கே சீவலை மாற்றிவிட்டு, எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்குங்கள்.