விமானக் கொட்டகையும் ஒட்டிய பட்டறையும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

இரும்புக் கட்டுமானம்தான் என் தொழில், மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில். பஞ்சு குடோன், லாரி ஷெட், நெல் கிடங்கு என்று போட்டுக்கொண்டிருந்தவன் சிறு விமானக் கொட்டகை வேலைகளிலும் இறங்கினேன். அது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கள்ளிக்குடியிலிருந்து: அண்ணே, ஐந்து ஏக்கர் புஞ்சை இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் மைக்ரோலைட் குட்டி விமானம் ஒன்று வாங்குகிற எண்ணம். நாளைக்கு நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 விமானம் வந்தாலும் நிற்கிற மாதிரி கொட்டகை, ஒட்டியே ஒரு பட்டறை வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

கதவிலிருந்து தொடங்குங்கள் தம்பி. எல்லாரும் கூரையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் விமானக் கொட்டகை என்பது ஒரு பக்கச் சுவரே இல்லாத கட்டடம். மற்ற எல்லாவற்றையும் அந்தத் திறப்புதான் முடிவு செய்கிறது.

செஸ்னா 172-க்கு இறக்கை முனையிலிருந்து முனைக்கு 11 மீட்டர், நீளம் 8.3 மீட்டர், வால் உயரம் 2.7 மீட்டர். கையால் தள்ளித்தான் உள்ளே விடுவீர்கள். இறக்கை முனைக்கு இருபுறமும் ஒரு மீட்டர் விடுங்கள். அப்படியானால் வாசல் 13 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம். உள் அளவு 15-க்கு 12 மீட்டர் போதும். பட்டறையை ஒரு பக்கமாகச் சாய்ப்பு இறக்கி 5 மீட்டர் அகலத்தில் போடலாம்.

இப்போது காற்று. கட்டடம் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875. அதன் மூன்றாம் பகுதி மதுரைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ அழுத்தம். மூடிய குடோனில் கூரையைக் காற்று மேலிருந்து உறிஞ்சும், அவ்வளவுதான். கதவு திறந்த கொட்டகையில் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். குடைக்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால் சுமார் ஒன்றரை மடங்கு. 180 சதுர மீட்டர் கூரைக்குக் கணக்குப் போட்டால் 24 டன் மேல்நோக்கி. டிசைனர் தரநிலை அனுமதிக்கும் தள்ளுபடிகளைப் போட்டுக் குறைப்பார். அப்போதும் பதினாறு, பதினேழு டன் நிற்கும். கூரையின் சொந்த எடையோ நான்கு டன்தான்.

ஆகவே அஸ்திவாரத்தின் வேலை கொட்டகையைத் தாங்குவது மட்டுமல்ல, கீழே பிடித்து வைப்பதும்தான். 4 மீட்டர் இடைவெளியில் தூண் போட்டால் நடுத்தூண் ஒவ்வொன்றையும் மூன்று, நான்கு டன் மேலே இழுக்கும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.4 டன். ஆழமாகத் தோண்டி, அகலமான பாதம் போட்டு, மேலே மண்ணை நன்றாகக் குத்தி நிரப்பினால் அந்த மண்ணின் எடையும் சேர்ந்து பிடிக்கும். "இரும்பு ஷெட்தானே, ரெண்டடிக் குழி போதும்" என்று சொல்கிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: நம்ம ஊருக்குப் புயலே வராதே, இவ்வளவு தேவையா?

தேவைதான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் திண்டுக்கல், கொடைக்கானல் வரை வந்தது. அதை விடுங்கள். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு சூறைக்காற்று அடிக்கிறதே, தகரம் பறப்பதெல்லாம் பெரும்பாலும் அதில்தான். அது வானிலை அறிவிப்புப் பார்த்துக் கதவைச் சாத்துகிற அவகாசம் தராது. கொட்டகையை எப்போதும் "கதவு திறந்திருக்கிறது" என்றே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பறந்த கூரை எதையாவது பக்கத்தில் போய்ப் பாருங்கள். முதலில் பிய்ந்தது ஓரமும் மூலையுமாகத்தான் இருக்கும். காற்றின் உறிஞ்சல் அங்கேதான் அதிகம். தகரத்தில் ஸ்க்ரூ ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டிருக்கும், ஸ்க்ரூ மட்டும் ரப்பர் வாஷரோடு பர்லினிலேயே (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நிற்கும். ஸ்க்ரூ தோற்கவில்லை, தகரம் கிழிந்திருக்கிறது. அதனால் ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் வரைக்கும் பர்லினை நெருக்கிப் போட்டு, ஸ்க்ரூவையும் இரட்டிப்பாக்குங்கள். 0.5 மில்லிமீட்டர் கால்வால்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் பூசிய இரும்பு) தகடுக்குக் குறைந்து போக வேண்டாம்.

திருமங்கலத்திலிருந்து: எங்கள் இடம் கரிசல். வீடே விரிசல் விடுகிறது. கொட்டகை நிற்குமா?

நிற்கும். ஆனால் மண்ணுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். சித்திரையில் உங்கள் நிலத்தில் கை நுழையும் அளவு வெடிப்பு இருக்கும். ஐப்பசி மழையில் அதே மண் உப்பித் தரையைத் தூக்கும். வீட்டுக்கு அது சுவர் விரிசல். விமானக் கொட்டகைக்கு அது கதவுச் சிக்கல். 13 மீட்டர் நீளத் தண்டவாளம் நடுவில் ஒரு விரல் அளவு எழும்பினாலும் போதும், கதவுப் பலகை அங்கே வந்து நின்றுவிடும். நாலு பேர் சேர்ந்து தள்ளினால் சக்கரம் தடம் விட்டு இறங்கும்.

தூண்களுக்கு அண்டர்-ரீம் பைல் போடுங்கள். மண் ஈரம் ஏறி இறங்காத ஆழத்துக்கு, பொதுவாக மூன்றரை மீட்டர், துளை போட்டு அடியில் குமிழாக அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவது. கரிசலுக்கென்றே வகுத்த முறை. இன்னொரு லாபமும் உண்டு: அந்தக் குமிழ் மண்ணுக்குள் கவ்விக்கொள்வதால் மேலே சொன்ன இழுவையையும் அதுவே தாங்கும். கதவுத் தண்டவாளத்தைத் தரைக் கான்கிரீட்டில் பதிக்காமல், பைல் மேல் உட்கார்ந்த தனி பீம் மேல் வையுங்கள். பீமுக்கு அடியில் மண் உப்ப இடம் விட்டு வையுங்கள். தரைக்குக் கரிசலை ஒரு மீட்டர் வெட்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்பி, ரோலர் விட்டுப் பிறகு கான்கிரீட். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தூரமாகக் கொண்டு போய் விடுங்கள். சுவரோரம் விழுகிற தண்ணீர்தான் கரிசலைக் கிளப்பிவிடுகிறது.

மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் பாறையும் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குறைந்த ஆழத்தில் பாறை வந்தால் குழி தோண்டுவதை விட்டு, பாறையில் துளையிட்டு ஆங்கர் கம்பி பதிப்பதே நல்லது.

வாடிப்பட்டியிலிருந்து: கதவு எந்தப் பக்கம்? வீட்டில் கிழக்கு வாசல்தான் என்கிறார்கள்.

மேற்கு மட்டும் வேண்டாம். ஆனி, ஆடியில் மேல்காற்றும் புழுதியும் நேராக உள்ளே வரும், மாலை வெயிலும் சேரும். வடகிழக்கில் ஐப்பசி, கார்த்திகை மழை சாரலடிக்கும். என் தேர்வு தெற்கு. வீட்டில் கிழக்குதான் என்றால் பட்டறையின் ஆள் நுழையும் கதவைக் கிழக்கே வைத்து அதிலேயே பூஜை போட்டுக்கொள்ளுங்கள். அன்றாடம் நுழைவதும் அதன் வழியாகத்தான்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: ரோலிங் ஷட்டர் போட்டால் சுலபமில்லையா? வெளிநாட்டில் மடங்கி மேலே ஏறும் கதவு பார்த்தேன், அது எப்படி?

13 மீட்டர் ஒரே ஷட்டராகப் போட்டால் காற்றில் நடுவில் வயிறு தள்ளி, பக்கத் தடத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்துவிடும். நடுவில் கழற்றி மாட்டும் தூண்கள் வைத்து மூன்று ஷட்டராகப் பிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தூணைக் கழற்ற ஆள் வேண்டும். மடங்கி ஏறும் கதவு பார்க்க அழகு. அதன் முழு எடையும் முன் சட்டத்தில் தொங்கும், அந்தச் சட்டத்தை இரண்டு மடங்கு கனமாக்க வேண்டும், மோட்டார் பழுதானால் விமானம் உள்ளேயே கிடக்கும்.

நம்ம ஊர் வெல்டிங் பட்டறையே செய்து, நம்ம ஊர் ஆளே பழுது பார்க்கக்கூடியது கீழ்த் தண்டவாளத்தில் ஓடும் நகர்த்துக் கதவு. ஆறு பலகை, மூன்று தடம், பக்கத்துக்கு மூன்றாக ஒதுங்கும். எடை தரையில் இறங்கிவிடுவதால் கூரை தப்பிக்கும். பலகைகள் ஒதுங்கி நிற்கவும் இடம் வேண்டும். அதற்குத் தடத்தைச் சுவருக்கு வெளியே நீட்டிவிடுங்கள். சாத்திய பிறகு ஒவ்வொரு பலகைக்கும் மேலும் கீழும் தாழ்ப்பாள் கட்டாயம்.

ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர்: சார், மாணவர்கள் பழகுவதற்காக ஓய்வு பெற்ற விமானம் ஒன்று வருகிறது. பட்டறையும் கொட்டகையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் மேற்பார்வைக்கு வசதி. நடுச்சுவர் வேண்டுமா?

வேண்டும் சார், அதுவும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், தகரத்தைத் தொடும் வரை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் வெல்டிங் நடக்கிற இடத்தைத் தேடிப் பிடிக்கும். அதனால் பட்டறைத் தரையைக் கொட்டகைத் தரையைவிட ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். கொட்டகையில் பிளக் பாயின்ட் எதுவும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே வரக்கூடாது. நடுக்கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் இரும்புக் கதவாக இருக்கட்டும். பேட்டரி சார்ஜ் போடும் மூலைக்கு மேலே காற்றுப் போக்கி வையுங்கள், அங்கே வருவது ஹைட்ரஜன், அது மேலே ஏறும். கம்ப்ரஸரை வெளியே தனிக் கூண்டில் வைத்து, காற்றை மட்டும் குழாயில் உள்ளே கொண்டு வாருங்கள்.

சுவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிரைண்டர் தெறிக்கும் இரும்புப் பொடி அலுமினியத் தகட்டில் ஒட்டினால், ஈரம் பட்டதும் அந்த இடத்தில் துருப்புள்ளி வரும், பிறகு அதைச் சுற்றி அலுமினியமே அரிக்கத் தொடங்கும். விமானக் கண்ணாடி அக்ரிலிக். சூடான பொடி அதில் குத்திக்கொண்டால் தேய்த்து எடுக்க முடியாது. கிரைண்டர் மேசை விமானத்திலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

அருப்புக்கோட்டையிலிருந்து: பெட்ரோல் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் பெட்ரோலியச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்க வேண்டும். கொட்டகைக்குள் வைக்காதீர்கள், தனியாக ஒரு சிறு கூண்டு கட்டுங்கள். எரிபொருள் ஊற்றுவது வெளியில், எர்த் கம்பியின் கவ்வியை விமானத்தில் மாட்டிய பிறகு.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். மைக்ரோலைட்டில் அதிகம் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்குக் கம்பெனி அனுமதிப்பது 10 சதவீதம் வரைதான். விமானத்துக்கென்றே உள்ள பெட்ரோலான ஏவி கேஸ் 100 எல்.எல். அதற்கு ஒத்துக்கொள்ளும். 2022 முதல் இந்தியன் ஆயில் அதைக் குஜராத்திலேயே தயாரிக்கிறது. அதில் ஈயம் இருப்பதால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். எஞ்சின் வாங்குமுன் இதை முடிவு செய்யுங்கள்.

வலையங்குளத்திலிருந்து: விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே என் நிலம். அனுமதி கிடைக்குமா?

விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு வண்ண மண்டல வரைபடம் இருக்கிறது. சிவப்பு மண்டலத்தில் எவ்வளவு தாழ்வான கட்டடமானாலும் விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும். மற்ற நிறங்களில் குறித்த உயரத்துக்குள் இருந்தால் உள்ளாட்சியே அனுமதிக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த உயரம் கடல் மட்டத்திலிருந்து. மதுரைத் தரையே ஏறத்தாழ 130, 140 மீட்டரில் இருக்கிறது. 150 என்று போட்டிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், கையில் மிஞ்சுவது பத்து, இருபது மீட்டர்தான். இது போக, புஞ்சை நிலத்தில் கட்ட ஊராட்சி, நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) இரண்டின் அனுமதியும் வேண்டும். அங்கிருந்து பறப்பது முற்றிலும் வேறு விஷயம், அதற்கு மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) அனுமதி. நிலம் கண்மாய் நீர்ப்பிடிப்பிலோ ஓடையிலோ இருந்தால் இதில் எதையும் தொடங்கவே வேண்டாம்.

சோழவந்தானிலிருந்து: மூடிப்போன ரைஸ் மில்லின் டிரஸ் (கூரை தாங்கும் முக்கோணச் சட்டம்) மலிவாக வருகிறது. பயன்படுத்தலாமா?

பட்டறைச் சாய்ப்புக்கு மட்டும், துருவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு. பெரிய கொட்டகைக்கு வேண்டாம். அவை ஓட்டுக்கூரையின் கீழ்நோக்கிய பாரத்துக்காகச் செய்தவை. காற்று மேலே இழுக்கும்போது அடிக்கம்பி அமுக்கத்துக்கு வரும், ஒல்லியான கம்பி வளைந்துவிடும். கூடவே வருகிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எடுக்கவே எடுக்காதீர்கள்.

மேலூரிலிருந்து: சதுர அடி என்ன விலை ஆகும்?

சதுர அடி விலை பேசாதீர்கள். முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் தனியாக டிசைன் வாங்குங்கள். அதில் இரும்பின் மொத்த எடை இருக்கும். அந்த வரைபடத்தையே மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். சரக்கு வரும்போது எடை மேடைச் சீட்டை வாங்கிப் பாருங்கள்.

கள்ளிக்குடித் தம்பி மறுபடியும்: கொட்டகைக்குள்ளேயே விமானத்தைக் கட்டிப்போட வேண்டுமா அண்ணே?

கட்ட வேண்டும். மைக்ரோலைட்டின் காலி எடை முன்னூறு கிலோ சொச்சம்தான், திறந்த கதவு வழியாக வரும் காற்றே அதை நகர்த்தி இறக்கையைச் சுவரில் இடிக்கும். இரண்டு இறக்கைக்கும் வாலுக்குமாக மூன்று வளையம். தரை மட்டத்துக்குக் கீழே கிண்ணம் வைத்து அதற்குள் பதியுங்கள், இல்லாவிட்டால் ஜாக் உருட்டும்போது தடுக்கும். விமானம் வருமுன் கான்கிரீட் போடுவதாக இருந்தால் வளைய இடங்களில் ஒன்றரை அடிச் சதுரக் குழி விட்டு வையுங்கள். வந்த பிறகு நிறுத்திப் பார்த்து, சாக்பீஸில் குறித்து, அப்புறம் வளையத்தை வைத்து நிரப்பிக்கொள்ளலாம்.