பழைய ஜப்பானிய மடக்குக் கேமரா (கண்ணாடித் தகடு போடும் வகை): எந்தக் காலத்தது, இன்றும் படம் எடுக்குமா?

லென்ஸ் வளையத்தில் ‘பாஷ் அண்ட் லோம்ப்’ என்றிருந்தால் அமெரிக்கக் கேமரா, ஷட்டரில் ‘காம்பூர்’ என்றிருந்தால் ஜெர்மன் கேமரா என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். ஜப்பானியத் தகட்டுக் கேமராவில் அந்தப் பெயர்களை நம்ப முடியாது. உடலை அங்கேயே செய்தார்கள். லென்ஸும் ஷட்டரும் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. உண்மையைச் சொல்வது பின்பக்கம்தான்.

தகடு வைக்கும் பிளேட் ஹோல்டரின் உள்ளளவை எடுங்கள். சுமார் 8 × 10.5 செ.மீ. என்றால் ஜப்பானில் ‘தெஃபுதா’, 6.5 × 9 என்றால் ‘தாய்மெய்ஷி’. மர உடல், தோல் போர்வை, தெஃபுதா அளவு மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் 1910, 1920களின் சரக்கு. உலோக உடல், 6.5 × 9 என்றால் 1920களின் இறுதியோ 1930களோ.

இந்தக் கேமராக்களின் கதை டோக்கியோவின் கோனிஷி கடையிலிருந்து தொடங்குகிறது. அங்கே சுகியூரா ரொகுசாபுரோ 1873இல் புகைப்படப் பொருள் விற்க ஆரம்பித்தார். 1902இல் அந்தக் கடையின் ‘ரொகுஓஷா’ என்ற தொழிற்சாலை வந்தது. 1903இல் வந்த ‘செர்ரி’ வெறும் பெட்டிக் கேமரா. மடக்கு வகையில் 1907இல் ‘சகுரா பாக்கெட் பிரானோ’, 1909இல் தெஃபுதா அளவு ‘லில்லி’. லில்லி என்ற பெயரில் பின்னால் பல மாடல்கள் வந்ததால், பெயரை மட்டும் பார்த்து 1909 என்று எழுதிவிடாதீர்கள். 1928இல் தொடங்கிய நிச்சி-தொக்கு நிறுவனம் (பின்னாளைய மினோல்டா) ஜெர்மன் லென்ஸ், ஷட்டருடன் 6.5 × 9 கேமராக்களை விற்றது. ரொகுஓஷாவின் சொந்த ‘ஹெக்ஸார்’ லென்ஸ் 1931இல்தான்.

படம் எடுக்குமா? ஹோல்டர் இருந்தால் எடுக்கும். அது இல்லாத கேமரா அலமாரிக்குத்தான். வாங்கும்போது லென்ஸைவிட ஹோல்டருக்குக் காசு கொடுங்கள். வேறு கம்பெனி ஹோல்டரின் அளவு சரியாக இருந்தாலும், விளிம்பு கேமராவின் தண்டவாளத்தில் ஏறாமல் போகலாம்.

ஃபோகஸ் பார்க்கப் பின்னால் உள்ள மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். யாராவது துடைத்துவிட்டுத் திருப்பி மாட்டியிருந்தால் ஃபோகஸ் கெட்டுவிடும்: கண்ணில் துல்லியமாகத் தெரியும், படத்தில் மங்கும். மங்கல் கண்ணாடிச் சட்டம் கேமராவில் உட்காரும் விளிம்பிலிருந்து அந்தச் சொரசொரப்பான பரப்பு வரை உள்ள ஆழத்தை வெர்னியரால் அளந்து, ஹோல்டரில் தகட்டின் முன்பரப்பு இருக்கும் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 0.2 மி.மீ.க்குள் இருந்தால் போதும்.

கண்ணாடித் தகடுக்குப் பதில் ஷீட் பிலிம் (சுருளாக இல்லாமல் தனித்தனி ஏடாக வரும் பிலிம்) போடலாம். தனியாகப் போட்டால் நிற்காது, வளையும். ஹோல்டரின் வில் பின்னாலிருந்து முன் விளிம்போடு அழுத்துவதால், பிலிமுக்குப் பின்னால் அதே அளவுக் கண்ணாடித் துண்டை வைத்தாலே சரியான இடத்தில் நிற்கும். தெஃபுதாவுக்கு 4 × 5 அங்குல ஷீட்டில் ஒரு துண்டு கிடைக்கும். மலிவு வழி, பச்சை ஒளிக்கு உணர்வுள்ள எக்ஸ்ரே பிலிம்: 8 × 10 அங்குல ஷீட்டில் நான்கு துண்டு, சிவப்பு விளக்கிலேயே வெட்டலாம். ஐஎஸ்ஓ 50 என்று வைத்து சோதனை செய்யுங்கள்.

அடுத்து பலரும் கவிழ்வது துவார எண்ணில் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண்). பழைய லென்ஸ்களில் 4, 8, 16, 32, 64, 128 என்று இருந்தால் அவை எஃப் எண்கள் அல்ல, ‘யு.எஸ்.’ (யூனிஃபார்ம் சிஸ்டம்) எனப்பட்ட பழைய முறை. அதில் 4 என்பது எஃப்/8, 8 என்பது எஃப்/11, 64 என்பது எஃப்/32. பதினாறு மட்டும் இரண்டிலும் ஒன்று. 4ஐ எஃப்/4 என்று நினைத்து எடுத்தால் வெளிச்சம் இரண்டு ஸ்டாப் குறைந்து (நான்கில் ஒரு பங்காகி) நெகட்டிவ் வெறுமையாக வரும்.

ஷட்டரின் பக்கத்தில் பித்தளை உருளை இருந்தால் அது காற்றால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. எண்ணெய் விடவே கூடாது, பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். லைட்டர் பெட்ரோலால் துடைத்து உலர்த்தி, தேவைப்பட்டால் துளி கிராஃபைட் பொடி. டயலைச் சுற்றி வேகம் வைக்கும் பழைய காம்பூரில், ‘எம்’ (வேகங்களுக்கான நிலை) தவிர மற்ற இரண்டிலும் (நீண்ட நேரம் திறந்துவைக்கும் இசட், டி) ஷட்டரைத் தயார்ப்படுத்தும் நெம்புகோலை இழுக்காதீர்கள். நகராது என்று பலம் கொடுத்தால் உள்ளே உடையும்.

துருத்தியை (லென்ஸையும் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்புப் பகுதி) இருட்டறையில் முழுதாக நீட்டி, உள்ளே சின்ன எல்.இ.டி. விளக்கை வைத்துப் பாருங்கள். ஓட்டைகள் மடிப்பு மூலைகளில்தான் இருக்கும். கருப்புத் துணிப் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு முறை பூசி, முழுதும் காயும்வரை நீட்டியே வையுங்கள். இன்சுலேஷன் டேப் வேண்டாம்: தடிமனால் கேமரா மூடாது, வெயிலில் பசை கசிந்து மடிப்புகளை ஒட்டிவிடும்.

எக்ஸ்ரே பிலிமில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பூச்சு இருக்கும். டெவலப் செய்யும் தட்டின் அடியில் வழுவழுப்பான கண்ணாடி போட்டு, ஒரு நேரத்தில் ஒரு துண்டு மட்டும் போடுங்கள். ஈரத்தில் லேசான உரசலே கீறலாகிவிடும்.